அஞ்சு பொட்டலம்

ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறவனுக்கு மனிதர்கள் மேல் பெரிய அபிப்பிராயம் எதுவும் இருக்க முடியாது. வந்து பாயில் சப்பணமிட்டு உட்கார்ந்து, கடையையே பிரித்துப் போடச் சொல்லிவிட்டு, "சும்மா பாக்கத்தான் வந்தோம்" என்று எழுந்து போகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுமை என்பது எப்போதோ தீர்ந்துபோயிற்று. அப்படித் தீர்த்து வைத்தவர்களில் முதல் ஆள் அந்த மதினிதான். கோவில்பட்டியில் நாங்கள் வாடகைக்கு இருந்த காம்பவுண்டில் எதிர்வீடு. சொந்தம் ஒன்றும் கிடையாது. அவர் வீட்டுக்காரரை நான் அண்ணாச்சி என்று கூப்பிட்டதால் அவர் மதினி ஆனார். பேர் சொல்லி அழைத்ததில்லை, அதனால் இங்கேயும் எழுதவில்லை.

எந்தச் சேலையைப் பிரித்துப் போட்டாலும் மதினி நல்லாயிருக்கு என்று சொல்ல மாட்டார், நல்லாயில்லை என்றும் சொல்ல மாட்டார். "வேற என்ன இருக்கு?" என்பார். மேல் தட்டில் இருப்பது, பொம்மைக்குக் கட்டிவிட்டது, அன்றைக்குத்தான் வந்து இன்னும் பிரிக்காத பண்டல், எல்லாம் இறங்க வேண்டும். எல்லாம் இறங்கிக் குவிந்த பிறகு, அடியில் கிடக்கும் முதல் சேலையை உருவி எடுத்து, "இதுக்குப் பில்லு போடச் சொல்லு" என்பார்.

ஒருநாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"மதினி, மொதல்ல இதத்தான எடுத்துப் போட்டேன்? அப்பவே சொன்னா என்னவாம்?"

"அப்ப இது ஒண்ணுதான இருந்துச்சு? ஒண்ணே ஒண்ணப் பாத்து வாங்குனா அது எடுக்கதா? நீரு தள்ளிவிட்டத நான் வாங்கிக்கிடுதேன்னுல்லா அர்த்தம்."

"மடிச்சு வைக்கிறது நான்லா?"

"அதுக்குத்தான சம்பளம் தாராவ, கொழுந்தனாரே."

இதுதான் அவருடைய குணம் மொத்தமும். ஒரு மனுஷிக்கு ஒரே ஒரு குணம் இவ்வளவு முழுசாக இருந்து நான் பார்த்ததில்லை. மற்ற விஷயங்களில் சாதாரண ஆள்தான். குழம்பில் புளி அதிகம் விடுவார், வாய் கொஞ்சம் நீளம், யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் கஞ்சியோடு வந்து நிற்பார்.

விளாத்திகுளம் பக்கம் ஒரு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்தார். அங்கேயும் இதே கூத்துதான். முட்டை போடுகிற அன்று தட்டில் முட்டையை வைத்துக் கொடுக்க மாட்டார். பெரிய தட்டைப் பிள்ளைகள் முன்னால் நீட்டுவார், அதுகளாகப் பார்த்து எடுக்க வேண்டும். ஒவ்வொன்றும் உருட்டி உருட்டிப் பார்த்து எடுப்பதற்குள் வரிசை வாசலைத் தாண்டிவிடும். தலைமை ஆசிரியர் ஒருநாள், "முட்டையில என்னம்மா இருக்கு தேர்ந்தெடுக்க? எல்லாம் ஒரே முட்டை" என்று சலித்துக்கொண்டாராம். "அதுக வீட்டுல யாரு சார் கேக்காவ, எது வேணும்னு? இங்கனயாவது எடுக்கட்டும்" என்றாராம் மதினி. இதை அவரே வந்து பெருமையாகச் சொன்னார்.

அண்ணாச்சி நேர் எதிர். ஆடு மேய்த்த குடும்பம். இவர் காலத்தில் ஆடுகளைக் குறைத்துவிட்டு, குளத்தூர்ப் பக்கம் கரிசலில் உளுந்தும் கம்பும் போட்டார். எதையும் அவர் தானாக முடிவு செய்து நான் பார்த்ததில்லை. உடன்பிறந்த மூத்தவர் ஒருவர் ஊரில் இருந்தார், அவர் சொல்வதுதான். இவர்கள் கல்யாணமே அப்படித்தான். மூத்தவர் பெண் பார்க்கப் போய், தம்பியைக் காட்டி, சம்மதமா என்று கேட்டதற்கு மதினி தன் அப்பாவிடம், "வேற யாரெல்லாம் கேட்டு வந்தாவ?" என்று விசாரித்தாராம். விசாரித்துவிட்டு, "சரி, இவியளே இருக்கட்டும்" என்றாராம். மூத்தவருக்கு அந்த அவமானம் கடைசிவரை ஆறவில்லை. அண்ணாச்சி மட்டும் அதைச் சொல்லும்போதெல்லாம் சிரிப்பார்.

மதினி இடது கையில் பிடித்திருந்த முட்டைத் தட்டு ஒருநாள் தானாகச் சரிந்தது. கை வழுக்கியது என்று விட்டுவிட்டார்கள். அப்புறம் ஒருநாள் பள்ளிக்கூடத்திலேயே வெட்டு வந்து, கைகால் இழுத்து விழுந்தார். மதுரைக்குக் கொண்டுபோனார்கள். மூளையில் கட்டி, அதுவும் வேகமாக வளர்கிற கெட்ட ஜாதிக் கட்டி. உடனே ஆபரேஷன், பிறகு ஆறேழு வாரம் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள், கூடவே மாத்திரை.

இத்தனையும் நடந்தது, மதினிக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. நம் பக்கத்து வழக்கம்தானே. பெரிய வியாதி என்றால் நோயாளியைத் தவிர எல்லோருக்கும் சொல்லிவிடுவோம். மூத்தவர் டாக்டரைத் தனியாகப் பிடித்து, "பொம்பளகிட்டச் சொல்லிராதீங்க, பயந்துருவா" என்று கேட்டுக்கொண்டார். மதினியிடம் நரம்பில் சின்ன முடிச்சு என்று சொல்லிவைத்தார்கள். கரண்ட் வைக்கும் இடத்தில் வெளி பெஞ்சில் காத்திருந்தபோது பக்கத்தில் இருந்தவர்களிடம் ஒவ்வொருவராக விசாரித்து, தனக்கு வந்திருப்பது இன்னது என்று அவராகவே தெரிந்துகொண்டார். வீட்டுக்கு வந்தவர் அண்ணாச்சியிடம் பல நாள் பேசவில்லை. காம்பவுண்டுக்கே கேட்கிற மாதிரி ஒருநாள் பேசினார்.

"என் தலை. அத எதுக்குத் தொறக்காவன்னு ஒங்க அண்ணனுக்குத் தெரியும், ஒங்க மாமனுக்குத் தெரியும். எனக்குத் தெரியல."

"நீ பயந்துருவியேன்னுதான்…" என்றார் அண்ணாச்சி.

"பயந்தா பயந்துட்டுப் போறேன். என் பயத்தையுமா நீங்க வாங்கி வச்சுக்கிடணும்?"

அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல் நன்றாக இருந்தார். தலையில் ஒரு பக்கம் முடி வளரவே இல்லை, முந்தானையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்தார். அப்புறம் இடது காலில் செருப்பு நிற்காமல் கழன்று கழன்று விழுந்தது. விடிந்து எழுந்ததும் தலைவலி. ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, கரண்ட் வைத்த இடம் வெந்து வீங்கினாலும் ஸ்கேனில் இதே மாதிரி தெரியும், இன்னொரு விதமான ஸ்கேனும் எடுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றாராம். மதினிக்கு அதில் ஒரு திருப்தி. "பாத்தீரா, படத்துக்கே ரெண்டு அர்த்தம் இருக்கு" என்று என்னிடம் வந்து சொன்னார். ஆனால் அடுத்த ஸ்கேனில் சந்தேகமில்லாமல் தெரிந்துவிட்டது. அதே கட்டிதான், அதே இடத்தில்.

என்ன செய்வது என்று பேச டாக்டர் வரச் சொன்ன அன்று அண்ணாச்சி என்னையும் கூப்பிட்டார். "அவரு சொல்லுதது என் மண்டையில ஏறாதுப்பா. நீ வந்து நில்லு." ஆடித் தள்ளுபடி நேரம், கடையில் லீவு கேட்டால் முதலாளி கண்ணாலேயே எரிப்பார். மனசுக்குள் திட்டிக்கொண்டேதான் போனேன்.

டாக்டருக்கு சின்ன வயசு. அவர் வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி மதினியின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, சொல்லாதீர்கள் என்று கையை ஆட்டினார். மதினி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பின்னால நின்னு அவிய கைய ஆட்டுதாவ, எனக்குத் தெரியும். நீங்க என்னப் பாத்துச் சொல்லுங்க சார்."

டாக்டர் அண்ணாச்சியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு நாற்காலியை மதினி பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அம்மா, இந்தக் கட்டி மொதல்ல வரும்போது என்ன செய்யணும்னு ஓரளவு முடிவா இருக்கு. திரும்பி வந்தா அப்படி ஒரே வழின்னு கிடையாது. ஆளைப் பொறுத்து, கட்டி இருக்குற இடத்தைப் பொறுத்து மாறும்."

அந்த வார்த்தையைக் கேட்டு முகம் தெளிந்த ஒரே நோயாளி உலகத்தில் மதினியாகத்தான் இருப்பார். "என்னென்ன இருக்கு, சொல்லுங்க" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்து உட்கார்ந்தார்.

மறுபடியும் ஆபரேஷன் செய்யலாம் என்றார் டாக்டர். கட்டி எட்டுகிற இடத்தில்தான் இருக்கிறது, ஆனால் இடது கை விழுந்துவிட வாய்ப்பு உண்டு, வேர் முழுசாக வராது.

"வேற?"

கரண்ட் மறுபடியும் வைக்கலாம். முதலில் வைத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதால் யோசிக்கலாம், ஆனால் அதே இடத்தில் இரண்டாம் தடவை என்பதால் மூளை வெந்துபோகிற ஆபத்து கூட. வேற? மாத்திரை மட்டும். முன்னால் சாப்பிட்டதோ, வேறு ஜாதியோ. ரத்த அணுக்கள் குறையும், சிலருக்குக் கட்டி கொஞ்ச நாள் அடங்கி நிற்கும், சிலருக்குக் கேட்காது. வேற? ட்ரிப்ஸில் ஏற்றுகிற ஒரு மருந்து. கட்டிக்குப் போகிற ரத்தக் குழாயை அடக்கும், வீக்கம் வற்றும், தலைவலி குறைந்து ஆள் தெளிவாக இருப்பார். ஆனால் அதனால் ஆயுசு கூடும் என்று சொல்ல முடியாது.

"வேற?"

"புது மருந்துகளைச் சோதிச்சுப் பாக்குற ஆராய்ச்சி சில பெரிய ஊர்ல நடக்கும். இப்ப உங்களுக்குப் பொருந்துறதா எதுவும் இல்ல. நான் விசாரிச்சுட்டேன்."

"அப்ப அது கடையில இல்லாத சரக்கு. விட்டுருங்க. வேற?"

டாக்டர் கொஞ்சம் தயங்கினார். அண்ணாச்சிதான் பொறுக்க மாட்டாமல் குறுக்கே வந்தார். "இதுல எது சார் சொகமாக்கும்?"

"எதுவும் முழுசா குணமாக்காதுங்க. இருக்குற நாள் எப்படிப் போகும்ங்கிறதுலதான் வித்தியாசம்."

மதினி டாக்டரிடம் கேட்டார்.

"இது எதையுமே செய்யலன்னா?"

"அதுவும் ஒரு வழிதான் அம்மா. கட்டியை விட்டுட்டு, வலி, வெட்டு, வீக்கம் இதுக்கு மட்டும் மருந்து குடுத்து வீட்டுல நல்லபடியா வச்சுப் பாக்குறது. அதுக்குன்னு எங்ககிட்ட தனியா ஆளுங்க இருக்காங்க. கைவிட்டுட்டோம்னு அர்த்தம் இல்ல."

"அத நீங்களாச் சொல்லலியே. நான் கேட்டுல்லா சொல்லுதீங்க?"

டாக்டர் சிரித்துவிட்டார். "சொல்லியிருக்கணும், தப்புதான்" என்றார். உங்க வீட்டு ஆளாக இருந்தால் எதைச் செய்வீர்கள் என்று மதினி கேட்டதற்கு, "இவ்வளவு நல்லா நடக்குறீங்க, ஆபரேஷனைத்தான் யோசிப்பேன். ஆனா போறது உங்க கை, என் கை இல்ல. ஒரு வாரம் யோசிச்சுட்டு வாங்க" என்றார். பஸ்ஸில் வரும்போது சாத்தூர் தாண்டுகிறவரை மதினி விரல் மடக்கி எண்ணிக்கொண்டே வந்தார். அஞ்சு.

மூத்தவருக்குச் செய்தி போனதும் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். சாமியிடம் கேட்டுவிடலாம். அவர்கள் குடும்பத்தில் கிணறு வெட்டுவது, பெண் எடுப்பது, நிலத்தை விற்பது எல்லாம் அப்படித்தான். ஊருக்கு வெளியே கரிசல் காட்டுக்குள் இருக்கிற குலசாமி கோவிலில் பூப்போட்டுப் பார்ப்பார்கள். ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூ, இன்னொன்றில் வெள்ளைப் பூ. கண்ணை மூடிக்கொண்டு பூசாரி எடுப்பதுதான் சாமி வாக்கு. சிவப்பு வந்தால் ஆபரேஷன், வெள்ளை வந்தால் சும்மா விட்டுவிடுவது.

மதினி மறுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் வேறு ஒன்று கேட்டார்.

"ரெண்டு பொட்டலந்தானா? டாக்டரு அஞ்சு சொன்னாருலா?"

"பொட்டலம்னா ரெண்டுதான். எங்க தாத்தா காலத்துல இருந்து ரெண்டுதான்" என்றார் மூத்தவர்.

"ஒங்க தாத்தாவுக்கு மூளையில கட்டி வரல பெரியத்தான். மதுரையில ஒரு மனுசனே அஞ்சு வழி சொல்லுதாரு. நம்ம சாமிக்கு ரெண்டுதான் தெரியும்னு நீங்களே சொன்னா எப்படி?"

சாமியைக் குறைத்துப் பேசிய ஆளாக ஆகிவிட்டால் என்ன செய்வது என்று மூத்தவர் வாயை மூடிக்கொண்டார். அஞ்சு பூவை மதினியே தேர்ந்தெடுத்தார். ஆபரேஷனுக்குச் செவ்வரளி. கரண்டுக்குக் கேந்தி. மாத்திரைக்குப் பிச்சி. ட்ரிப்ஸுக்கு நந்தியாவட்டை. சும்மா விடுவதற்குத் துளசி. வாழையிலைத் துண்டில் வைத்து ஒரே அளவாக நாரால் கட்டினார். இடது கைவிரல் சொன்னபடி கேட்கவில்லை, ஆனாலும் யாரையும் கட்ட விடவில்லை.

முந்தின நாள் மழை பெய்திருந்தது. கோவிலுக்குப் போகிற வழியில் கரிசல் செருப்பைப் பிடித்து இழுத்தது. எல்லோரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தோம். பூசாரிக்கு அஞ்சு பொட்டலத்தைப் பார்த்ததும் ஒன்றும் ஓடவில்லை, மூத்தவரைப் பார்த்தார். மூத்தவர் வேறு பக்கம் பார்த்தார். பூசாரி பொட்டலங்களைச் சாமி காலடியில் வைத்துச் சூடம் காட்டி, கண்ணை மூடி, கையால் துழாவி ஒன்றை எடுத்தார். பிரித்தால் துளசி.

மூத்தவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சொந்தக்காரப் பெண்கள் மூக்கைச் சிந்த ஆரம்பித்தார்கள். அழுகையில் கொஞ்சம் நிம்மதியும் இருந்த மாதிரி எனக்குப் பட்டது. முடிவு செய்கிற பாரம் எல்லோர் தலையிலிருந்தும் இறங்கிவிட்டதே.

மதினி கீழே உட்கார்ந்து மற்ற நான்கு பொட்டலத்தையும் ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

"ஏட்டி, என்ன செய்யுத?" மூத்தவர் கத்தினார். "எடுத்தது போக மத்தத தொறக்கக் கூடாது!"

"எல்லாம் சாமி காலடியில இருந்ததுதான பெரியத்தான்? அவரு ஒண்ண எடுத்துக் காட்டுனாரு, பாத்துக்கிட்டேன். மிச்சத்தையும் பாக்கேன்." அஞ்சு பூவையும் வரிசையாகத் தரையில் வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு செவ்வரளியை எடுத்தார். தலையில் வைக்கப் பார்த்தார், முடி இல்லாத பக்கம் என்பதால் நிற்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டார்.

"சாமி வாக்க மீறுதியே!"

"மீறல. கேட்டுக்கிட்டேன். தலை என்னோடதுல்லா."

மூத்தவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனவர்தான், அதற்கப்புறம் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. அண்ணாச்சி மட்டும் திரும்பி நடக்கும்போது, கல்யாணம் ஆன நாளிலிருந்து கேட்காத ஒன்றை அன்றைக்கு மதினியிடம் கேட்டார்.

"எதுக்கு அத எடுத்த?"

"நடந்துகிட்டு இருக்கும்போது ஒரு தடவ மோதிப் பாத்துருதேன். படுத்துட்டா மோத ஏலாதுல்லா. அந்தத் துளசி எங்க போயிரப் போகுது."

ஆபரேஷன் நடந்தது. டாக்டர் சொன்ன மாதிரியே இடது கை விழுந்துவிட்டது. பிறகு மாத்திரை. வீக்கத்துக்குக் கொடுத்த மருந்தில் முகம் உப்பி, எந்நேரமும் பசி. "இப்பதான் என் புளிக்குழம்பு எனக்கே ருசிக்கி" என்பார். ஒருநாள் அண்ணாச்சியின் தோளைப் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்து என் முன்னால் உட்கார்ந்தார். ஒற்றைக் கையால் சேலையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். கேட்டதையெல்லாம் இறக்கினேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று எழுதினால் முழு உண்மை இல்லை, மடிக்க வேண்டுமே என்ற அலுப்பும் இருந்தது. ஆனால் அவர் எழுந்து போன பிறகு அந்தக் குவியலை உடனே மடிக்க மனசு வரவில்லை.

மாதங்கள் நன்றாகவே போயின. கிடைத்தது அவர் கேட்டு வாங்கினதுதான் என்கிற மாதிரி இருந்தார். பிறகு கட்டி மறுபடி தலை தூக்கியது. பேச்சு குழறியது, அப்புறம் நின்றது. பகலெல்லாம் தூங்கினார். மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அதே டாக்டர் அண்ணாச்சியை வராந்தாவுக்கு அழைத்துப் பேசினார். நானும் கூட நின்றேன். ட்ரிப்ஸ் மருந்தை ஏற்றிப் பார்க்கலாம், பிரயோஜனம் கொஞ்சமாகத்தான் இருக்கும். இல்லையென்றால் வலி தெரியாமல் பார்த்துக்கொள்கிற மருந்துகளோடு வீட்டுக்குக் கூட்டிப்போகலாம். வீட்டுக்கே நர்ஸ் வந்து பார்ப்பார்கள். இரண்டில் ஒன்றை அன்றைக்கே சொல்ல வேண்டும்.

அண்ணாச்சி யாரிடமாவது கேட்டுச் சொல்கிறேன் என்பார் என்று எதிர்பார்த்தேன். அதைத்தான் சொன்னார்.

"அவகிட்டக் கேட்டுட்டுச் சொல்லுதேன் சார்."

"அவங்களுக்கு இப்ப எதுவும் புரியாதுங்க" என்றார் டாக்டர், மெதுவாக.

"சரி சார்" என்று அண்ணாச்சி உள்ளே போனார். கதவு ஒருக்களித்திருந்தது. கட்டிலுக்குப் பின்னால் நிற்கவில்லை, முகத்துக்கு நேராக ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னார். மண்டையில் ஏறாது என்றவர், மருந்து என்ன செய்யும், என்ன செய்யாது, வீட்டுக்குப் போனால் யார் வருவார்கள், என்ன கொடுப்பார்கள் என்று வரிசையாகச் சொன்னார். ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு நிறுத்தி, மதினியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் திறக்கவில்லை. நர்ஸ் ஒருத்தி மருந்து கொடுக்க வந்தவள், வாசலிலேயே நின்றுவிட்டாள்.

வெளியே வந்து டாக்டரிடம், "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்" என்றார். கையெழுத்துப் போட்டார். டாக்டர் போன பிறகு நான் கேட்டேன்.

"மதினி என்னமும் சொன்னாவளா அண்ணாச்சி?"

"ஒண்ணும் சொல்லல." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆனா நான் கேட்டேன்லா."